ஒன்றரை முழ அடுப்பு

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் மூன்று மாடி லாட்ஜ் ஒன்று நிற்கிறது. நான் கட்டியது. சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது, பூச்சு நிற்காது, சீசன் கழியட்டும் என்று இஞ்சினியர் சொன்னார். நான் தார்ப்பாயைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடி மாதத்திலேயே பூசினேன். இன்றுவரை மயிரிழை வெடிப்பு கிடையாது. மேலகரத்தில் கல்யாண மண்டபம், ஒரே பந்தியில் நானூறு இலை போடலாம், குறுக்கே ஒரு தூண் வராது. நான் கட்டியது. கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில் புகைக்கூண்டு சாய்ந்துபோய் நின்றது. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, இது விழுந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நிமிர்த்தினேன். தென்காசியில் என் சொந்த வீடு. இரண்டு பெண்களைப் படிக்கவைத்து, மூத்தவள் இப்போது இத்தாலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அதுவும் நான் கட்டியதுதான்.

நான் அஞ்சாங்கிளாஸ். எங்கள் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். பன்னிரண்டு வயதில் என் தலையில் சாந்துச்சட்டி ஏறியது. ஒருத்தன் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அளவைத் திருத்த வேண்டாம், அளவெல்லாம் சரியாகச் சொல்லுகிறேன்.

மேலகரத்தில் பேக்கரி நடத்தின அந்த அக்காவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச்சொல்லி அவள் மகன் கேட்டான். கடைக்கு நினைவு மலர் ஒன்று அச்சுப்போடுகிறானாம். நாலு வரியில் முடிகிற ஆளா அவள்? நாற்பது வருஷத்துக்கு மேல் பழகியிருக்கிறேன். அத்தனை வருஷத்தில் அவள் என் பேரை ஒரு தடவை சொன்னதில்லை. லாட்ஜ் கட்டினபிறகு ஊரே என்னை அண்ணாச்சி என்றது, முதலாளி என்றது. அவள் மட்டும் "கொத்தனாரே" என்றுதான் கூப்பிட்டாள், நான் காரில் வந்து இறங்கினபிறகும். அதனால் நானும் அவள் பேரை இதில் எழுதப்போவதில்லை. அவள் இவள் என்று எழுதுகிறேன் என்று மகன் கோபித்துக்கொள்ளக்கூடாது. கூப்பிட்டதற்குக் கூப்பிட்டது சரியாய்ப்போயிற்று.

நான் கட்டின எல்லாவற்றையும் சொன்னேன் அல்லவா, ஒன்றை விட்டுவிட்டேன். அவள் பேக்கரி அடுப்பு. செங்கோட்டைக்காரி ஆனதால் அவள் மலையாளத்தில் போர்மா என்பாள். அதைக் கட்டினதும் நான்தான். அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இத்தாலிக்குப் போய்விட்டு வரவேண்டும்.

போன வருஷம் மகள் டிக்கெட் போட்டு என்னையும் என் வீட்டுக்காரியையும் ரோமாபுரிக்குக் கூட்டிப்போனாள். பெரிய பெரிய தூண், இடிந்த மண்டபம், எல்லாம் காட்டினாள். நல்ல வேலைப்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள், "அப்பா, நீங்க பேக்கரி அடுப்பு கட்டினவுகதானே, ஒரு பழைய பேக்கரி காட்டுதேன் வாங்க" என்று கூட்டிப்போனாள். யூதர்கள் குடியிருந்த பழைய தெரு. போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாளாம், ராஜாவே வந்தாலும் திறக்கமாட்டார்களாம். எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. மேலகரத்துக்காரி அமாவாசைக்குத் திறக்கமாட்டாள். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, வேன் வேனாக ஆள் வந்து நின்றாலும் அமாவாசை என்றால் கதவு சாத்தித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை மறுபடி போனோம். கடைக்குப் பேர்ப்பலகை இல்லை. சந்து முக்கில் ஒரு கதவு, அதில் இருந்து தெருவரைக்கும் ஜனம். நிற்கும்போது மகள் அந்தத் தெருவின் கதையைச் சொன்னாள். முந்நூறு வருஷம் யூதர்களை அந்தத் தெருவுக்குள்ளே வைத்து, சுற்றிச் சுவர் எழுப்பி, பொழுது சாய்ந்தால் வாசலைப் பூட்டிவிடுவார்களாம். பிறகு, நம் அப்பா தாத்தா காலத்து உலகச் சண்டையில், ஜெர்மன்காரன் வந்து ஆட்களையே பிடித்துக் கொண்டுபோனானாம். திரும்பி வந்தது சொற்பப்பேர். எனக்கு அந்தச் சுவர் மனதைவிட்டுப் போகவில்லை. அதைக் கட்டினதும் என்னைப்போல ஒரு கொத்தன்தான். அவன் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதாமல் விட்டது அவனுக்கு நல்லதுதான். சுவர் போய்விட்டது. ரொட்டி சுடுகிற அடுப்பு இருக்கிறது. அதைக் கட்டினவன் பேரும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொம்பளை. அறுபது அறுபத்தைந்து இருக்கும். சிரிப்பே கிடையாது. தட்டில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். கையகலச் செங்கல் மாதிரி ஒரு கேக். மேலே கன்னங்கரேல். கருகல். நம் ஊரில் என்றால் தூக்கித் தெருவில் போட்டுவிட்டு மாஸ்டரை நாலு ஏச்சு ஏசுவார்கள். இங்கே அதற்கு முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

எட்டிப் பார்த்தேன். பின்கட்டில் கதவு திறந்திருந்தது. அடுப்பின் வாய் தெரிந்தது, தாழ்ந்த வாய். உள் வளைவும் தாழ்ந்துதான் இருக்கவேண்டும், வாயைப் பார்த்தால் கொத்தனுக்குத் தெரியாதா? நான் அங்கே நின்றபடியே கையை நீட்டி, முழங்கையில் இருந்து விரல்நுனிவரை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தேன்.

"அப்பா, கைய இறக்குங்க. எல்லாரும் பாக்காங்க" என்றாள் மகள்.

அந்தப் பொம்பளை என்னைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டாள்.

"என்ன சொல்லுதா?"

"வாங்குததுன்னா வாங்கச் சொல்லுதா, இல்லன்னா பின்னால நிக்கவுகளுக்கு வழி விடச் சொல்லுதா."

"அடுப்பு யாரு கட்டினதுன்னு கேளு."

"அப்பா..."

"கேளு தாயி. அதுக்குத்தானே வந்தேன்."

மகள் கேட்டாள். அந்தப் பொம்பளை ஐந்து விரலையும் ஒன்றாகக் குவித்து என் மூஞ்சிக்கு நேராக ஆட்டினாள். "நான் பொறக்கதுக்கு முன்னாடியே அது இருக்கு, உங்களுக்கு எடை எவ்வளவு போடணும்னு கேக்கா" என்றாள் மகள்.

"கருகியிருக்கேன்னு சொல்லு, பாப்போம்."

"கருகாதது வேணும்னா வேற கடைக்குப் போகச் சொல்லுதா."

சத்தியமாகச் சொல்லுகிறேன், எனக்கு மேலகரத்துக் கடைவாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. அரைக் கிலோ வாங்கினோம். தெருவில் நின்றே ஒரு கடி கடித்தேன். மேலே கசப்பு. உள்ளே வெண்ணெய் இல்லை, எண்ணெயில் பிசைந்ததாம். உலர்ந்த திராட்சை, பாதாம், சீனியில் ஊறின பழம், கொழகொழவென்று வெந்தும் வேகாமலும். மேல்சூடு முரட்டுத்தனமாக இறங்கி, உள்ளே போவதற்குள் எடுத்துவிடுகிற பக்குவம். என் வீட்டுக்காரி ஒரு வாய் போட்டுவிட்டு, "ஏங்க, இது நம்ம மேலகரத்துக் கருகல் கேக்குல்லா?" என்றாள். அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஒரு துண்டுக்குமேல் நான் தின்னவில்லை. மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் துணி சுற்றி, பெட்டியில் வைத்தேன். யாருக்கு என்று வீட்டுக்காரி கேட்கவில்லை.

இப்போது அடுப்புக் கதை. அவள் வீட்டுக்காரர் கொல்லத்தில் பேக்கரி வேலை பழகினவர். மேலகரத்தில் கடைக்கு இடம் பிடித்து, ஓடு போட்டு, அடுப்புக் கட்டுவதற்குள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டார். கைப்பிள்ளையோடு இவள் நின்றாள். ஊரெல்லாம், இடத்தை விற்றுவிட்டு செங்கோட்டைக்கே போ என்றது. பதினாறு கழிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் அதுவரை பேக்கரி அடுப்பு கட்டினதில்லை. சுண்ணாம்புக் காளவாய் கட்டியிருக்கிறேன். கட்டுவேன் என்று சொன்னேன். கட்டத் தெரியாது என்று நான் எதற்கும் சொன்னதில்லை.

"உள் உயரம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஒன்றரை முழம்னு எங்க வீட்டு ஆளு சொல்லிட்டே இருப்பாரு" என்றாள்.

அச்சுக்கு ஈரமணலைக் குவித்து, அந்தக் குவியலின்மேல் செங்கல்லை வளைத்து அடுக்கி, களிமண்ணில் கருப்பட்டித் தண்ணீர் கலந்து பூசி, காய்ந்தபிறகு வாய்வழியாக மணலைத் தோண்டி எடுக்கவேண்டும். மணலைக் குவித்தேன். உயரத்துக்கு என் கையை வைத்து அளந்தேன், ஒன்றரை முழம். பூக்காரி எந்தக் கையால் அளப்பாள்? அவள் கையால்தானே? கொத்தனுக்கும் அதுதான் வழக்கம்.

ஆனால் அவள் வீட்டுக்காரர் ஆறடி மனுஷன். நான் ஐந்தடி இரண்டங்குலம். அவர் கைக்கும் என் கைக்கும் ஒன்றரை முழத்தில் அஞ்சு விரக்கடை வித்தியாசம் வந்துவிட்டது. கூரை தாழ்ந்துவிட்டது. முதல் நாள் பன் வைத்தோம். கீழே மாவு வெளுத்துக் கிடக்க, மேலே கரியாகி வந்தது. தட்டை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. அழவில்லை. ஒரு பன்னை எடுத்து அடியில் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள், நாங்கள் செங்கலைத் தட்டிப் பார்ப்போமே அதுபோல. அடுப்பு ஆறினபிறகு தன் கையை உள்ளே நீட்டி உயரம் பார்த்தாள்.

"கொத்தனாரே, யாரு கைக்கு ஒன்றரை முழம்?"

"என் கைக்குத்தான்."

"செத்தது உம்ம கையா?"

மணல் குவித்தபோது நீங்களும்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "முடியலன்னு நெனச்சேன். இன்னும் குவிப்பீருன்னு நெனச்சேன்" என்றாள். இடித்துக் கட்டலாம் என்றால் கையில் ஒன்றும் இல்லை அவளிடம். ஒரு வாரம் கடை திறக்கவில்லை. என்னென்னவோ பண்ணிப் பார்த்திருக்கிறாள். எட்டாம் நாள் கருப்பட்டி போட்டு, முந்திரி போட்டு, சுக்குத் தட்டிப்போட்டு, கனத்த கேக் ஒன்று வந்தது. மேலே கருகி, உள்ளே அல்வா மாதிரி. அந்தக் கேக்கைத்தான் இன்றைக்கு மதுரையில் இருந்தும் மதறாஸில் இருந்தும் குளிக்க வருகிறவன் தலை துவட்டின கையோடு வந்து வாங்கிப்போகிறான். என் அடுப்புக்காகப் பிறந்த கேக் அது. சரியான உயரத்தில் கட்டியிருந்தால் அவளும் மற்றவர்கள் மாதிரி பன்னும் ரஸ்க்கும் விற்றுக்கொண்டு இருந்திருப்பாள். பாதி அவள் கை, பாதி என் கை. அவள் பாதியில் நான் ஒரு தூசி எடுக்கவில்லை. என் பாதியைத்தான் கேட்கிறேன்.

அவளா தருவாள்?

அவள் வியாபாரம் பண்ணுகிற லட்சணத்தைச் சொல்லுகிறேன் கேளுங்கள். மதுரைக்கார வேன் வந்து நிற்கும்.

"கேக் எப்பிடிம்மா இருக்கு?"

"மேல கருகியிருக்கு. உள்ள வேகாத மாதிரி இருக்கும். எடுக்கதுன்னா எடுங்க."

"என்னம்மா, விக்கிறவங்களே இப்பிடிச் சொல்றீங்க?"

"இருக்கதச் சொன்னேன்."

"எதனால கருகுது?"

"கொத்தனாரு தப்பாக் கட்டிட்டாரு" என்பாள். நான் அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றால் என் பக்கம் ஒரு விரலை நீட்டுவாள். "அந்தா நிக்காரே, அவருதான்." வேன்காரன் சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ வாங்கிப் போவான். நான் பாதி டீயோடு கிளாசை வைத்துவிட்டு நடப்பேன். வருஷத்துக்கு எத்தனை சீசன், சீசனுக்கு எத்தனை வேன்! கணக்குப் போட்டுப் பாருங்கள், என் தப்பு எந்தெந்த ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று.

அவள் வாயில் நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தொட்டுத் தண்ணீர் விழும், குளிக்கவிடாமல் சங்கிலி போட்டிருப்பார்கள், ஊரே வாய்பிளந்து நிற்கும். "போன வருசம் இதவிட விழுந்துது" என்பாள். மகன் காலேஜில் முதல் வகுப்பில் தேறி வந்து காலில் விழுந்தான். "பக்கத்து வீட்டுப் பயலும் தேறிட்டான்" என்றாள். மருமகள் வைத்த மீன்குழம்பை இரண்டு தடவை ஊற்றித் தின்றுவிட்டு, "புளி ஒரு பொட்டு கூட" என்று எழுந்து போவாள். அவள் கேக்கையே அவள் கருகல் என்றுதானே விற்றாள்.

மண்டபம் திறப்புவிழா அன்று பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். எனக்கு மாலை விழுந்துகொண்டே இருக்கிறது. இவள் ஒரு பெட்டி கேக்கோடு வந்தாள். படி ஏறினாள். நடுவில் நின்றாள்.

"கொத்தனாரே, மூணாவது படி தூக்கியிருக்கு."

அத்தனை பேர் முன்னால். நான் சிரித்து மழுப்பினேன். கூட்டம் கலைந்தபிறகு மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் தூக்கித்தான் இருந்தது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் அந்தப் படியை உடைத்துத் திரும்பப் போட்டேன். ஆறு மாதம் கழித்து அவள் ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூணாவது படியில் நின்றாள். காலை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் ஏறிப் போய்விட்டாள். சரியாயிட்டுது என்று சொல்வதற்கு எவ்வளவு மூச்சு செலவாகும்?

நல்லதும் சொல்லவேண்டும் அல்லவா. லாட்ஜ் வேலையில் சாரம் சரிந்து கால் ஒடிந்து நான் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இருபத்தொரு நாள். சொந்தக்காரன் முதல் வாரத்தோடு நின்றுகொண்டான். அவள் கடையைச் சாத்திவிட்டு, மத்தியானம் பஸ் ஏறி தினம் வந்தாள். அடுப்பின் வாய்ப்பக்கம் வைத்து மேல்சூடு படாமல் சுட்ட பன் நாலு கொண்டுவருவாள். தலைமாட்டில் வைத்துவிட்டு, "காஞ்சுபோச்சு. பால்ல முக்கித் தின்னும்" என்பாள். உட்காரமாட்டாள். போகும்போது வாசலில் நின்று, "சாரம் கட்டத் தெரியாதவன் எதுக்கு வே மேல ஏறணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். இருபத்தொரு நாளும் அதே கேள்வி. அந்தப் பன் காயவில்லை. ஒரு நாளும் காயவில்லை.

கால் சரியாகி, கையில் நாலு காசு நின்றபிறகு எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. ஒரு அமாவாசை அன்று, கடை சாத்தியிருக்கிற நாளாகப் பார்த்து, இரண்டு ஆளும் கடப்பாரையும் புதுச் செங்கல்லுமாகப் போய் இறங்கினேன்.

"என்ன கொத்தனாரே, படையெடுத்து வந்திருக்கீரு?"

"அடுப்ப இடிச்சு, உங்க வீட்டு ஆளு கை உயரத்துக்குக் கட்டித் தாரேன். எனக்கு ஒண்ணும் தரவேண்டாம். இனி எவன் முன்னாலயும் என் தப்புன்னு சொல்லாதீக."

அவள் எழுந்து போய் அடுப்பு வாய்க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மதி. போதும். ஒரு தடவ தப்பாக் கட்டினது பத்தாதா? ரெண்டாந் தடவ வேறயா?"

"அப்ப தப்பு இல்லன்னு சொல்லுங்க, போயிருதேன்."

"தப்புதான்."

"அப்ப இடிக்கேன்."

"தொட்டுப் பாரும். கையை ஒடிச்சு அடுப்புக்குள்ள வைப்பேன். அதுவும் பத்தாது, உம்ம கை கட்டை."

கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். செங்கல்லை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் பிரியப்பட்டுத்தான் அந்த அடுப்பை வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனதில் வைத்திருந்து என்ன பிரயோஜனம்? செங்கல்லை மனதில் அடுக்கினால் சுவர் எழும்புமா?

ரோமாபுரியில் இருந்து வந்த மறுநாளே, அந்தத் துணிப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தென்காசியில் அவள் மகன் வீட்டுக்குப் போனேன். அவள் படுக்கையில் விழுந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சுருங்கிப்போயிருந்தாள். கை மட்டும் அப்படியே, விரல்முட்டி காய்ப்புக் காய்ச்சி. மருமகள் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"அக்கா, இத்தாலிக்குப் போயிருந்தேன்."

"எளைச்சுப்போயிட்டீரு. அங்கன சோறு கெடைக்கலையா?"

பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கருகினபக்கத்தைத் தடவிப் பார்த்தாள். திருப்பி, அடியில் முட்டியால் தட்டினாள். நான் எல்லாம் சொன்னேன். முந்நூறு வருஷம் பூட்டிவைத்த ஜனம், ஆளையே அள்ளிக்கொண்டு போனபிறகும் நிற்கிற கடை, சனிக்கிழமைப் பூட்டு, முப்பது பேர் வரிசை, தாழ்ந்த வாய். கையை நீட்டி அளந்த கதையையும் சொன்னேன்.

"உலகத்துலயே இதுக்குப் பேரு தப்பு இல்ல அக்கா. அங்க எவனும் கொத்தன ஏசல. வரிசையில நிக்கான். இப்பவாவது சொல்லுங்க."

அவள் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். பல் இல்லை, ஈறால் மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நாற்பது வருஷமாக அந்த வாயைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நல்லாருக்கு" என்றாள்.

மருமகள் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. அவளும் கேட்டதில்லையே அந்த வார்த்தையை.

"ரொம்ப நல்லாருக்கு. அந்தக் கொத்தன் நல்லாக் கட்டியிருக்கான்" என்றாள். இன்னொரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

எவனோ ஒருத்தன். எந்தக் காலத்திலோ செத்துப்போனவன். பேர் தெரியாதவன். அவனுக்குப் போய்விட்டது நான் காத்துக்கிடந்த வார்த்தை. அதை அவள் வாய்வரைக்கும் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்ததும் நானேதான்.

எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாதமே அவள் போய்விட்டாள். மயானக்கரைவரை போனேன். அரிசி போட்டேன்.

என் வீட்டுக்காரி ஒரு சமாதானம் சொல்லுகிறாள். "அந்தம்மா தன்னுதத்தான் கொற சொல்லுவாக. மகனச் சொன்னாக, கேக்கச் சொன்னாக, உங்களையும் சொன்னாக. அடுத்தவன் சாமானத்தத்தான் நல்லாருக்குன்னாக. உங்கள வேத்தாளா நெனச்சிருந்தா என்னிக்கோ சொல்லியிருப்பாக." இருக்கலாம். அப்படியென்றால் நான் வேற்றாளாகவே இருந்துவிட்டுப் போயிருப்பேன். சொந்தக்காரனுக்கு ஏச்சு, வழிப்போக்கனுக்கு வாழ்த்து என்றால், அந்தச் சொந்தத்தை வைத்து நான் என்ன கூரையா போடமுடியும்?

அதையும் முழுங்கியிருப்பேன். போன மாதம் கடைப்பக்கம் போனேன். மகன் புதுப் போர்டு வைத்திருக்கிறான். அவன் அம்மா படம், பக்கத்தில் கேக் படம், கீழே கொட்டை எழுத்தில், 'வெள்ளைக்காரர் காலத்து நூறாண்டு அடுப்பில் சுட்டது.' நான் நின்று இரண்டு தடவை வாசித்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன்தான், ஆனாலும் சரியாகத்தான் வாசித்தேன்.

"என்ன மாப்ள இது? வெள்ளக்காரனா கட்டினான் இத?"

"மாமா, கோச்சுக்காதீங்க. பழசுன்னாத்தான் ஜனம் வருது. வீடியோ எடுக்கவன் எல்லாம் அதத்தான் கேக்கான்."

"கட்டினவன் உயிரோட உன் முன்னால நிக்கேன்லே."

"அதான் மாமா பிரச்சினையே. உங்க பேரப் போட்டா அடுப்புக்கு வயசு தெரிஞ்சிரும்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கால் பிடிக்கத் தெரிந்த பிள்ளை, டீ கொண்டுவரச் சொன்னான். நான் குடிக்கவில்லை. அவன் அம்மா இருந்திருந்தால் அந்தப் போர்டைப் பார்த்த மாத்திரத்தில் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பாள். அவள் என்னைத் தப்பு என்றாள், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. வருகிற வேன்காரனிடம் எல்லாம் விரலை நீட்டிக் காட்டினாளே, "அந்தா நிக்காரே, அவருதான்" என்று. அந்த விரல் போனபிறகு நான் கட்டினதுக்கு ஒரு சாட்சி இல்லை.

அதனால் மாப்ளே, நீ கேட்ட நாலு வரி இதுதான், வெட்டாமல் போடு. அந்த அடுப்பு வெள்ளைக்காரன் கட்டினது இல்லை. உன் அப்பா போன பதினேழாம் நாள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா பார்த்துக்கொண்டு நிற்க, மணல் குவித்து, என் கையால் ஒன்றரை முழம் அளந்து நான் கட்டியது. யார் கை என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. இத்தனை வருஷம் நான் இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, இங்கே எழுதுகிறேன், அச்சடித்துக்கொள்.

போர்டை மாற்று. என் பேரைப் போடு. முன்னால் முதலாளி, காண்ட்ராக்டர் ஒன்றும் வேண்டாம், கொத்தனார் என்று போடு. தப்பாகக் கட்டினான் என்றே எழுது, ஊர் சிரிக்கட்டும், நாற்பது வருஷம் சிரித்த ஊர்தான். ஆனால் கட்டினது நான் என்று எழுது.